பல்கலைக்கழகத்தில் ஓபோ, பாசூன் கூடல்: படிவத்தில் என்ன போடுவது?

நாணல்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. ஓபோ (நாதஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதுகிற மேற்கத்திய மரக்குழல்) எடுத்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. ஆசிரியர் இணையத்தில்தான், வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம். என்னுடைய ஓபோவைத் தவிர வேறொரு ஓபோவை இதுவரை நேரில் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை.

ஒரு பல்கலைக்கழக இசைத்துறை வருடத்துக்கு ஒரு முறை ஓபோவும், அதே வகையில் பெரிய, கட்டைக்குரல் வாத்தியமான பாசூனும் வாசிப்பவர்களை மட்டும் கூப்பிட்டு ஒருநாள் கூடல் நடத்துகிறது. எந்த நிலையில் உள்ளவரும் வரலாம் என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நம்பிப் படிவத்தைத் திறந்தேன். பெயர், வாத்தியம், எத்தனை வருடம் என்பதையெல்லாம் நிரப்பினேன். நாலாவது கேள்வியில் நின்றுவிட்டேன். மாஸ்டர்கிளாஸில் (எல்லார் முன்னிலையிலும் ஒருவரை வாசிக்கவைத்து ஆசிரியர் திருத்துகிற வகுப்பு) வாசிப்பவரா, கேட்பவரா? கூட்டுக்குழுவில் முதல் பகுதியா, இரண்டா, மூன்றா? சீவாளி வகுப்பில் 'கட்டுதல்' வேண்டுமா, 'சரிசெய்தல்' வேண்டுமா? (வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு. படிவத்தில் ரீட் என்றுதான் இருக்கிறது. சீவாளி என்று நல்ல சொல் இருக்கும்போது எனக்கு அதுதான் வாயில் வருகிறது.)

என் நிலவரம் இதுதான். சீவாளி கட்டத் தெரியாது, வாங்குகிறேன். இப்போது பெட்டியில் மூன்று இருக்கின்றன. ஒன்று நன்றாக வாசிக்கும். ஒன்று காலையில் மட்டும் வாசிக்கும். மூன்றாவது வாசிக்கவே வாசிக்காது, தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருக்கிறேன். கீழ் சி, பி, பி ஃப்ளாட் என்கிற அடிச் சுரங்கள் மூன்றும் மெதுவாக வரவே மாட்டேன் என்கின்றன. ஒன்று வாத்து மாதிரி கத்தும், இல்லையென்றால் வெறும் காற்று வரும். உதடு பலமில்லை என்று நினைத்து எட்டு மாதமாகத் தினமும் இருபது நிமிடம் நீள் சுரம் வாசித்துப் பார்க்கிறேன், மாற்றமில்லை. அப்புறம் இன்னொன்று. இரண்டு வரி வாசித்தால் மூச்சு முட்டுகிறது. ஆனால் மூச்சு தீரவில்லை, நெஞ்சு நிறையக் காற்று இருக்கிறது! இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் நடுவில் போய் உட்காரலாமா, இல்லை இன்னும் இரண்டு வருடம் கழித்துப் போவது மரியாதையா?


கட்டைக்குரல்:

முதலில் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

அனுப்பியாயிற்றா? சரி.

நான் பாசூன். பத்தொன்பது வருடமாக வாசிக்கிறேன், தொழிலாக இல்லை. இந்த மாதிரிக் கூடல்களுக்கு ஆறு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை போனபோது இருக்கை வாரை வீட்டில் மறந்துவிட்டேன். பாசூன் தெரியாதவர்களுக்கு: அதன் எடையைக் கை தாங்காது. நாற்காலியின் குறுக்கே ஒரு வாரைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, அதன் நுனியில் வாத்தியத்தின் அடித்துண்டை மாட்டிக்கொண்டுதான் வாசிப்போம். யாரிடமும் கேட்க வெட்கம். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, ஒரு சின்னக் கயிற்றால் வாத்தியத்தோடு கட்டி, அதன் மேல் உட்கார்ந்து நாள் முழுக்க ஓட்டினேன். வாசிக்கும் வரை பிரச்சினை இல்லை. மாலையில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியபோது நான் மட்டும் ஒரு கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன். மறு கை கால்சட்டையைப் பிடித்திருந்தது. ஆக, அவமானம் என்பதை உங்களைவிட நன்றாகப் பார்த்தவன் சொல்கிறேன், போங்கள்.

ஏன் போக வேண்டும் என்றால், நம் வாத்தியக்காரர்கள் எப்போதும் தனி ஆள்தான். ஒரு குழுவில் வயலின் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், கிளாரினெட் நாலு பேர் இருப்பார்கள். பாசூன் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. என் பின்னால் ட்ராம்போன். அவர்களுக்கு என் சீவாளியில் என்ன கோளாறு என்று எப்படித் தெரியும், அவர்கள் காதில் நான் விழுவதே இல்லை. உங்கள் நிலைமை இன்னும் மோசம், இன்னொரு ஓபோவைக் கேட்டதே இல்லை என்கிறீர்கள். உங்கள் ஓசை சரியா தப்பா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

மாஸ்டர்கிளாஸ்: கேட்பவர் என்று போடுங்கள். இரண்டாவது வரிசையில், வாசிப்பவரின் வாயும் இடது கையும் தெரிகிற பக்கமாக உட்காருங்கள். போன முறை ஒரு பெண் மொஸார்ட்டின் 1777ஆம் வருடத்து ஓபோ கான்செர்ட்டோவைக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஓபோ உள்ளே வந்ததும் மேல் சி-யை நாலு அளவுக்கு (தாளக் கட்டுக்கு) அப்படியே பிடித்து நிறுத்த வேண்டும், கீழே வயலின்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியர் அந்த ஒரு சுரத்தை விட்டு நகரவே இல்லை. இருபது நிமிடம்! முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று. கடைசியில் அவளிடம், "சுரத்தைப் பிடித்து நிறுத்தாதே, எங்கேயோ போகிற சுரமாக நினைத்துக்கொள்" என்று சொல்லி, அந்த நாலு அளவையும் மெல்ல வளர்த்து வாசிக்கச் சொன்னார். ஓபோவே மாறிப்போன மாதிரி இருந்தது. நான் பாசூன்காரன், அந்தச் சுரம் என் வாத்தியத்தில் கிடையாது. ஆனாலும் வீட்டுக்கு வந்து முதலில் செய்து பார்த்தது அதைத்தான்.

கூட்டுக்குழு: புதியவர்கள் எல்லாரும் கடைசிப் பகுதியைத்தான் கேட்டு வாங்குவார்கள், எளிது என்று நினைத்து. பாசூனுக்கு அது ஓரளவு சரி. ஓபோவுக்குத் தப்பு. மூன்றாம் ஓபோவுக்குக் கீழ்ச் சுரங்கள் நிறைய எழுதுவார்கள், உங்களுக்கு வராததே அதுதான். இரண்டாம் பகுதி கேளுங்கள். நடுவில் இருப்பீர்கள், இரண்டு பக்கமும் ஆள் இருக்கும், தொலைந்துபோனால் பக்கத்து விரலைப் பார்த்துத் திரும்ப ஏறிக்கொள்ளலாம்.

இத்தனை ஓபோவும் பாசூனும் ஒன்றாகச் சேர்ந்தால் காது தாங்குமா என்று கேட்காதீர்கள். 1749இல் ஹேண்டல் வாணவேடிக்கை விழாவுக்காக எழுதிய இசைக்கு 24 ஓபோ, 12 பாசூன் வைத்தார். அது திறந்த வெளி, நமக்குக் கிடைப்பது வகுப்பறை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வார்ம் அப் அறையில் மட்டும் ஒன்பது பாசூன்காரர்கள் ஒரே நேரத்தில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' தொடக்கத்தை (பாசூன் தனியாக ஆரம்பிக்கிற இடம்) வாசித்துக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில். 1913இலிருந்து எங்கள் சாதிக்கு உள்ள வியாதி அது. கண்டுகொள்ளாதீர்கள்.

கீழ்ச் சுரம் வராததற்குக் காரணம் உங்கள் உதடு இல்லை, சீவாளி. பந்தயம் கட்டுகிறேன்.


சீவாளிப்பித்து:

கட்டைக்குரல் சார் சொன்னதில் முக்கால்வாசிக்கு ஆமாம். பந்தயத்துக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். கீழ்ச் சுரம் மெதுவாக வரவில்லை என்றால் ஓபோவில் முதலில் பார்க்க வேண்டியது காற்றுக் கசிவு. கீழ் பி ஃப்ளாட் வர ஏறக்குறைய எல்லாத் துளையும் மூடியிருக்க வேண்டும். மேலே எங்காவது துளையை மூடுகிற ஒரு பட்டை இம்மி தூக்கியிருந்தாலும் கீழே சத்தம் உடையும். வீட்டிலேயே பார்க்கலாம்: மேல் துண்டை மட்டும் எடுத்து, விரல்களால் துளைகளை மூடி, அடியை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சுங்கள். ஓரிரு நொடி இறுக்கிப் பிடித்தால் சரி. உடனே விட்டுவிட்டால் கசிகிறது என்று அர்த்தம். கூடலுக்குக் கருவி பழுது பார்ப்பவர் யாராவது வருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்.

மூச்சு விஷயத்துக்குச் சிரிக்க ஒன்றுமில்லை, எல்லா ஓபோக்காரருக்கும் உள்ளதுதான். சீவாளியின் வாய் அவ்வளவு குறுகல், நாம் இழுத்த காற்றில் கொஞ்சம்தான் அதன் வழியே போகிறது. மீதி நெஞ்சிலேயே பழசாகிக் கிடக்கிறது. அதன் மேல் இன்னும் புதுக்காற்றை இழுத்தால் முட்டத்தானே செய்யும்? முதலில் வெளியே விடுங்கள், அப்புறம் இழுங்கள். இரண்டுக்கும் இடம் இல்லாத வரியில் ஒரு நிறுத்தத்தில் வெளியே விடுவது, அடுத்த நிறுத்தத்தில் உள்ளே இழுப்பது. நான் தாளில் வெளிமூச்சுக்கு மேல் அம்பு, உள்மூச்சுக்குக் கீழ் அம்பு போட்டு வைத்திருக்கிறேன்.

சீவாளி வகுப்பு. 'சரிசெய்தல்' போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். கட்டுதல் ஒரு நாளில் வருகிற வேலை இல்லை. பத்து மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள நாணல் குழாயைப் பிளந்து, உள்பக்கத்தை 0.6 மில்லிமீட்டர் கனத்துக்குக் குடைந்து, மடித்து, வடிவம் வெட்டி, 47 மில்லிமீட்டர் உலோகக் குழலில் நூல் சுற்றிக் கட்டி, அதற்கப்புறம்தான் சீவலே ஆரம்பம். முதல் ஐம்பது சீவாளி குப்பைக்குப் போகும். எனக்கு எழுபது போயிற்று. ஆனால் வாங்கிய சீவாளியை நாலு சீவலில் சரிப்படுத்த ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம், அது வாழ்நாளுக்கு உதவும்.

மூன்றையும் கொண்டுபோங்கள், செத்ததையும் சேர்த்து. ஆனால் நன்றாக வாசிப்பதன் மேல் கத்தியை வைக்கக் கூடாது! நான் வைத்தேன். எல்லாரும் சீவுகிறார்களே என்கிற உற்சாகத்தில் இருந்த ஒரே நல்ல சீவாளியின் நுனி மூலையைப் பெயர்த்துவிட்டு, மாலையில் கூட்டுக்குழுவில் விரலை மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாத்தியத்தின் உள்ளே ஈரம் துடைக்கிற ஸ்வாப் துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது இடம், அவசரம், பேச்சு. இந்த மூன்றும் சேர்ந்தால் யாராவது ஒருவருடைய துணி மேல் துண்டில் சிக்கும். ஓபோவின் உள்துளை உச்சியில் நாலு மில்லிமீட்டர் போலத்தான், துணியில் ஒரு முடிச்சு விழுந்திருந்தால் போதும். உள்ளே விடுமுன் துணியை உதறி நீளமாகப் பாருங்கள். சிக்கிவிட்டால் பலம் கொண்டு இழுக்காதீர்கள், எதையும் விட்டுக் குத்தாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

குளிரூட்டிய அறை என்றால் கட்டை சூடேறும் வரை அக்குளில் வைத்திருங்கள். குளிர்ந்த கட்டைக்குள் சூடான மூச்சை ஊதினால் மேல் துண்டில் விரிசல் விழலாம்.


கட்டைக்குரல்:

எங்களுக்கு இந்தக் கத்தித் தொல்லையெல்லாம் கொஞ்சம் குறைவு. பாசூன் சீவாளிக்கு உலோகக் குழல் கிடையாது, நாணலையே உருட்டி மூன்று கம்பி கட்டியிருக்கும். முதல் கம்பியை இடுக்கியால் பக்கவாட்டில் லேசாக அழுத்தினால் வாய் திறக்கும், மேலும் கீழுமாக அழுத்தினால் மூடும். அடுத்த கம்பியில் அப்படியே தலைகீழ். பாதி நோய் இடுக்கியிலேயே தீர்ந்துவிடும்.

ஆனால் ஓபோக்காரர்களுக்கு இடுக்கியைக் கொடுத்தால் அதையும் தீட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

விமானத்தில் போகிறவர்கள் சீவாளிக் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள். அது என்ன கத்தி என்று பாதுகாப்புச் சோதனையில் விளக்கிச் சொல்லி ஜெயித்தவர் இதுவரை யாரும் இல்லை.


இரண்டாம்ஓபோ:

நாணல் அக்கா, நான் கல்லூரி இரண்டாம் வருடம். வயசைப் பற்றிக் கவலையே வேண்டாம். போன தடவை என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். அறையிலேயே கூர்மையான கத்தி அவருடையதுதான், என் பேராசிரியரே இரவல் கேட்டார். மிரட்டுகிற மாதிரி வாசிப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களிடம் பேசிப் பார்த்தால் அவர்களும் கீழ் பி ஃப்ளாட்டைத்தான் திட்டுகிறார்கள்.

விற்பனை மேசைகளில் புது ஓபோக்களை வாசித்துப் பார்க்க விடுவார்கள். உங்கள் சீவாளியிலேயே வாசித்துப் பாருங்கள், அப்போதுதான் வித்தியாசம் வாத்தியத்தினுடையது என்று தெரியும். ஆனால் அன்றைக்கே வாங்காதீங்க. அந்த இரைச்சலில் எல்லா ஓபோவும் ஒரே மாதிரி இனிமையாகத்தான் இருக்கும்.


சீவாளிப்பித்து:

இது பிடித்துப்போனால் பெரியது ஒன்றும் இருக்கிறது. 1971இல் தொடங்கிய சர்வதேச இரட்டைச் சீவாளிச் சங்கம் வருடாவருடம் பல நாள் மாநாடு நடத்துகிறது. முதலில் ஒருநாள் கூடலுக்குப் போய்விட்டு அங்கே போங்கள். நேராக அங்கே போனால் எந்த அறைக்குள் நுழைவது என்று தெரியாமல் நடைபாதையிலேயே நாள் போய்விடும்.


நாணல்:

போய்விட்டு வந்து பத்து நாள் ஆகிறது. எழுதக் கை வரவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தேன்.

கேட்பவர், இரண்டாம் பகுதி, சரிசெய்தல். சொன்னபடியே போட்டேன். உறிஞ்சிப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்ததில் இறுக்கிப் பிடித்தது போலத்தான் தோன்றியது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று ஒப்பிட வேறு ஓபோ இல்லையே, அதனால் விட்டுவிட்டேன்.

சீவாளி வகுப்பில் ஆறு பேருக்கு ஒரு மேசை. சொல்லிக்கொடுத்த அம்மாவிடம் என் மூன்றையும் வரிசையாக வைத்தேன். முதலில் காகம் மாதிரி கரைந்து காட்டச் சொன்னார். நூல் கட்டு வரை உதட்டை வைத்து, சீவாளியை மட்டும் ஊதினேன். நல்லது சி-யில், மேலும் கீழுமாக இரண்டு குரலில் கரைந்தது. காலைச் சீவாளியும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவது கீச்சென்று ஒற்றைக் குரல். நல்லதை மறுபடி கரைந்து காட்டச் சொல்லிவிட்டு, "இதிலா கீழ் சி வரவில்லை?" என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். வாத்து.

அவர் கத்தியை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. தன் ஓபோவிலிருந்து தன் சீவாளியை உருவிவிட்டு, வாத்தியத்தை என்னிடம் நீட்டினார். "உங்க சீவாளியை இதில் செருகுங்க." செருகினேன். கீழ் சி வந்தது. மெதுவாக. பி வந்தது. பி ஃப்ளாட்டும் வந்தது, கொஞ்சம் இருமிக்கொண்டு. என் வாய், என் மூச்சு, என் சீவாளி, வேறு கட்டை. பக்கத்தில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். நான் மறுபடியும் சி வாசித்தேன். மறுபடியும் வந்தது.

சீவாளிப்பித்து சொன்ன மேசை நடைபாதைக் கோடியில் இருந்தது. பழுது பார்ப்பவர் ஒரு மெல்லிய தாள் துண்டை ஒவ்வொரு பட்டைக்கு அடியிலும் வைத்து, சாவியை (பட்டையை அசைக்கிற நெம்புகோலை) மூடி, இழுத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் தாள் பிடித்தது. ஒரு இடத்தில் மட்டும் வெண்ணெயிலிருந்து வருவது போல வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு குட்டித் திருகாணியைத் திருகினார். கால் சுற்றுகூட இருக்காது, கைக்கடிகார முள் நகர்கிற அளவு. அவ்வளவுதான். காசு வேண்டாம் என்றுவிட்டார். எட்டு மாதம், தினம் இருபது நிமிடம், உதட்டுக்குப் பயிற்சி!

கட்டைக்குரல் அண்ணா, பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள். ஆனால் மூன்றாவது சீவாளிக்கு வைத்தியம் நடந்தது, அதில் பாதி தருகிறேன். சீவாளியின் இரண்டு நாக்குக்கும் நடுவில், சீவும்போது தாங்குகிற சின்னத் தகட்டைச் செருகி, நுனிக்குச் சற்றுப் பின்னால், இடது பக்கம் மட்டும் ஆறு சீவல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் என்னைக் கரைந்து பார்க்கச் சொன்னார். நாலாவதில் அடிக்குரல் ஒன்று எட்டிப் பார்த்தது. ஆறாவதில் இரண்டு குரலும் வந்தன. "போதும், கத்தியை வையுங்க" என்று அதட்டினார், கத்தி அவர் கையில்தான் இருந்தது.

கூட்டுக்குழுவில் 19 ஓபோ, 11 பாசூன், இரண்டு இங்கிலிஷ் ஹார்ன், ஒரு கான்ட்ராபாசூன். பெரிய இசைக்குழுக்களுக்குச் சுருதி சேர்க்க ஏ சுரம் கொடுப்பது ஓபோதான் என்று பெருமையாகப் படித்திருக்கிறேன். 19 ஓபோ இருக்கிற இடத்தில் யார் கொடுப்பது? ஒருவர் கொடுத்தார், பதினெட்டுப் பேர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் போயிற்று. கடைசியில் நடத்துநர் சுருதி காட்டுகிற ட்யூனர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தார். அப்புறம் கான்ட்ராபாசூன் தன் அடிச் சுரத்தை ஊதினார், எனக்கு நாற்காலிக் கால் வழியாகத்தான் கேட்டது.

பன்னிரண்டாவது அளவில் தொலைந்தேன். பக்கத்து விரலைப் பார்த்து இருபதாவதில் ஏறிக்கொண்டேன்.

இப்போது இரண்டு விஷயம். ஒன்று, யாருடையதோ தெரியாத ஒரு நீலத் தகடு என் சீவாளிப் பெட்டியில் வந்துவிட்டது. ஓரத்தில் பல் பட்ட தடம் இருக்கிறது. அங்கே வந்திருந்தவர் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். இரண்டாவது, அந்த ஆறு சீவல் எட்டு நாள்தான் தாங்கியது, நேற்றிலிருந்து மூன்றாவது சீவாளி மறுபடியும் கீச்சிடுகிறது. கத்தி வாங்கிவிட்டேன். எந்தக் கோணத்தில் பிடிப்பது?


சீவாளிப்பித்து:

கத்தியைக் கீழே வையுங்கள். நுனி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, முதலில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். புதுத் தலைப்பில் போடுங்கள், இது நீண்டுவிட்டது.


கட்டைக்குரல்:

நீலத் தகடு என்னுடையது இல்லை. என் பல்தடம் எனக்குத் தெரியும்.